பதவி உயரத்தைப் பார்த்து வழிகாட்டியைத் தேடாதீர்கள்: ஒரு மேலாண்மைப் பள்ளித் திட்டத்தின் மதிப்புரை

தொழில்துறையில் பல்லாண்டு பழுத்த நிர்வாகி ஒருவரை எம்பிஏ மாணவர் ஒருவருக்கு ஒரு கல்வியாண்டுக் காலம் வழிகாட்டியாக அமர்த்தித் தரும் திட்டம், இன்று மேலாண்மைப் பள்ளிகள் பலவற்றின் சேர்க்கைக் கையேட்டில் பெருமையோடு இடம்பெறுகிறது. நான் படித்த பல்கலைக்கழகத்தின் மேலாண்மைப் பள்ளி நடத்தும் அத்தகைய திட்டத்தில் தொடக்கம் முதல் முடிவு வரை இருந்தவன், உடன் படித்தவர்களின் அனுபவங்களையும் அவ்வப்போது கேட்டறிந்தவன் என்ற முறையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். சேரலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், தாராளமாகச் சேரலாம் என்பதே. ஆனால் கையேடு எதைக் காட்டி நம்மை இழுக்கிறதோ அதுவல்ல இத்திட்டத்தின் பலம். நிர்வாகிகளின் பதவிப் பெயர்களையும் அவர்கள் தலைமை தாங்கிய நிறுவனங்களின் அளவையும் பார்த்து மயங்கிச் சேர்ந்தவர்களில் பலருக்கு, சந்திப்புகள் மரியாதை நிமித்தமான உரையாடல்களாகவே முடிந்துபோயின.

இப்படியொரு திட்டம் ஏன் தேவைப்படுகிறது என்பதற்கு மேலாண்மைக் கல்வியின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1881இல் வார்ட்டன் பள்ளி தொடங்கியபோதும், 1908இல் ஹார்வர்டு வணிகப் பள்ளி உருவானபோதும், தொழில் நடத்தப்போகிறவர்களுக்குப் பயன்படும் படிப்பைத் தருவதே நோக்கமாக இருந்தது. 1959இல் ஃபோர்டு, கார்னகி அறநிதிகளின் ஆதரவில் வெளிவந்த இரண்டு அறிக்கைகள், அமெரிக்க வணிகப் பள்ளிகளின் பாடங்கள் மேலோட்டமானவை, அவற்றில் ஆய்வின் கனம் போதாது என்று கடுமையாகச் சாடின. அதன் பிறகு முனைவர் பட்டமும் ஆய்விதழ்க் கட்டுரைகளும் ஆசிரியப் பணிக்கு அடிப்படைத் தகுதிகளாயின. கல்வியின் தரம் உயர்ந்தது. கூடவே, ஒரு நிறுவனத்தில் சம்பளப் பட்டியலில் கையெழுத்திடும் பொறுப்பை ஒருநாளும் சுமந்திராத ஆசிரியர்கள் நிறுவனத்தை நடத்தக் கற்றுக்கொடுக்கும் நிலையும் வந்தது. இந்த இடைவெளியைக் குறைக்கப் பள்ளிகள் பல வழிகளைக் கையாள்கின்றன. மேலாண்மைப் பள்ளிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் ஏஏசிஎஸ்பி அமைப்புகூட 2013இல் வகுத்த தரநிலைகளில், தொழில் அனுபவத்தை அடிப்படையாகக் கொண்ட ஆசிரியர் வகைகளுக்குத் தனி இடம் தந்தது. வழிகாட்டுத் திட்டம் அதே வேலையை வகுப்பறைக்கு வெளியே செய்யப் பார்க்கிறது. ஓய்வுபெற்ற நிர்வாகிகளின் அனுபவத்தைச் சிறுதொழில் முனைவோருக்குக் கொண்டுசேர்க்க 1964இல் அமெரிக்காவில் ஸ்கோர் என்ற தன்னார்வ அமைப்பு தொடங்கியது. மேலாண்மைப் பள்ளிகள் அதே மூலவளத்தை மாணவர்கள் பக்கம் திருப்பிவிட்டிருக்கின்றன என்று சொல்லலாம்.

பதிவு செய்யும் முறை எளிது. ஒரு படிவம், ஒரு பக்கத் தன்விவரக் குறிப்பு, எந்தத் துறையில் வேலை பார்க்க விருப்பம் என்பதற்கு ஒரு கட்டம், அவ்வளவுதான். அதன் பிறகு வழிகாட்டிகளின் விவரப் பட்டியல் மின்னஞ்சலில் வருகிறது. நாம் மூன்று பேரை வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். திட்டத்தின் முதல் குறை இங்கேயே தொடங்குகிறது. பட்டியலில் ஒவ்வொருவரைப் பற்றியும் இருப்பது பதவி, நிறுவனம், பெற்ற விருதுகள், இவைதாம். அவர் எந்த வகைச் சிக்கலைக் கையாண்டு தேர்ந்தவர், மாணவரோடு எப்படி வேலை செய்ய விரும்புகிறார், மாதத்தில் எத்தனை மணிநேரம் ஒதுக்க முடியும் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. விளைவு எதிர்பார்த்ததுதான்: வகுப்பில் பாதிப் பேர் முன்னாள் தலைமைச் செயல் அதிகாரிகள் இருவரையே முதல் விருப்பமாக எழுதினார்கள், தொழிற்சாலைக் கணக்கையும் கொள்முதலையும் சரக்கிருப்பையும் வாழ்நாள் முழுவதும் பார்த்தவர்களை யாரும் சீண்டவில்லை.

எனக்கு ஒதுக்கப்பட்டவர் அந்தச் சீண்டப்படாத வரிசையில் இருந்த ஒரு பெண்மணி; நான் அவரை மேடம் என்றே அழைத்தேன். நடுத்தர உற்பத்தி நிறுவனம் ஒன்றில் நிதிக் கட்டுப்பாட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் சந்திப்பில் தம்மைப் பற்றி இரண்டு வாக்கியங்களுக்கு மேல் பேசவில்லை. அடுத்த முறை வரும்போது கையில் ஏதாவது ஒரு தாளோடு வாருங்கள், வெறுங்கையோடு வந்தால் பேசுவதற்கு எதுவும் இருக்காது என்று மட்டும் சொன்னார். அந்த நிபந்தனைதான் பிறகு நடந்த எல்லாவற்றையும் தீர்மானித்தது.

நான் கொண்டுபோன தாள், தொழில்முனைவுப் பாடத்துக்காக எங்கள் குழு தயாரித்த வணிகத் திட்டத்தின் பணப்புழக்க அட்டவணை. பிற நிறுவனங்களுக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் கற்பனை நிறுவனம் அது. மாதம் 100 அலகு பணத்துக்கு விற்பனை, அதற்கு 80 அலகு செலவு, வாடிக்கையாளர்கள் 30 நாளில் பணம் தருவார்கள், நாங்களும் எங்களுக்குச் சரக்கு தருபவர்களுக்கு 30 நாளில் பணம் கொடுப்போம் என்று எழுதியிருந்தோம். அட்டவணையில் முதல் ஆண்டு முழுவதும் எந்த மாதத்திலும் பற்றாக்குறை இல்லை. பேராசிரியர் நல்ல மதிப்பெண்ணும் கொடுத்திருந்தார். மேடம் அட்டவணையின் கூட்டல்களைப் பார்க்கவே இல்லை. வரவேண்டிய பாக்கி என்ற வரியில் பென்சிலால் ஒரு வட்டமிட்டுவிட்டு, “இந்த முப்பது நாளை உங்களுக்கு யார் சொன்னாங்க?” என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை, பாடப்புத்தகத்து உதாரணத்தில் இருந்ததை எடுத்துப் போட்டிருந்தோம். “உங்க வாடிக்கையாளர் உங்களைவிடப் பெரிய நிறுவனம். அவர் தொண்ணூறு நாள்னு சொன்னா நீங்க என்ன செய்வீங்க? சரின்னுதான் சொல்வீங்க. போட்டுப் பாருங்க” என்றார்.

போட்டுப் பார்த்தேன். செலவுக்கான பணம் ஒரு மாதம் தாழ்ந்து போகிறது, விற்பனைப் பணம் மூன்று மாதம் தாழ்ந்து வருகிறது. இரண்டாம் மாத முடிவில் 80 அலகு பற்றாக்குறை, மூன்றாம் மாத முடிவில் 160. நான்காம் மாதத்தில்தான் முதல் வரவு வருகிறது. அதிலிருந்து மாதத்துக்கு 20 அலகாகக் குறைந்துகொண்டே போய், பதினோராம் மாத முடிவில்தான் கணக்கு சுழியைத் தொடுகிறது. ஒவ்வொரு மாதமும் 20 அலகு இலாபம் காட்டும் நிறுவனம், வெளியிலிருந்து 160 அலகு கிடைக்காவிட்டால் மூன்றாம் மாதத்திலேயே கதவை மூட வேண்டியதுதான். பிறகு அவர் இன்னொன்றும் செய்யச் சொன்னார்: விற்பனையை இரட்டிப்பாக்கிப் பாருங்கள் என்றார். பற்றாக்குறையும் இரட்டித்து 320 ஆனது. வளர்ச்சியே ஒரு நிறுவனத்தின் மூச்சை முட்டச்செய்யும் என்பதை நடைமுறை மூலதனம் (விற்பனைப் பணம் வந்துசேரும் வரை அன்றாடச் செலவுக்குத் தேவைப்படும் பணம்) என்ற தலைப்பில் நாங்கள் ஏற்கெனவே படித்துத் தேர்வும் எழுதியிருந்தோம். வாய்பாடு தெரியும், ஆனால் அந்த வாய்பாட்டுக்குள் போடும் எண்ணை நமக்கு ஆணையிடுபவர் எதிர்த்தரப்பில் உட்கார்ந்திருக்கும் கொள்முதல் அதிகாரி என்பது தெரியாது. அன்று அவர் கேட்ட அந்த ஒரு கேள்விக்காகவே இத்திட்டத்தில் சேர்ந்தது தகும் என்று நினைக்கிறேன்.

அதற்கடுத்த சந்திப்பில் நான் தீர்வுகளோடு போனேன்: முன்பணம் கேட்பது, சீக்கிரம் பணம் தருபவருக்குத் தள்ளுபடி கொடுப்பது, பாக்கிச் சீட்டுகளை வங்கியிடம் கழிவுக்குக் கொடுத்து முன்கூட்டியே பணமாக்குவது. ஒவ்வொன்றுக்கும் அவர் கேட்டது ஒரே மாதிரியான கேள்விதான்: இதை யாரிடம் கேட்பீர்கள், அவர் ஏன் சம்மதிப்பார்? இரண்டு விழுக்காடு தள்ளுபடி கொடுத்தால் 60 நாள் முன்னதாகப் பணம் வரும் என்று எழுதியிருந்தேன். அது ஆண்டுக்கு 12 விழுக்காட்டுக்கும் சற்று அதிகமான வட்டிக்குச் சமம் என்பதையும், வாடிக்கையாளருக்கு அதைவிட மலிவாக வங்கியில் கடன் கிடைக்கும் நிலையில்தான் அவர் அந்தத் தள்ளுபடியைப் பொருட்படுத்துவார் என்பதையும் தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். பேராசிரியர் ஒருவரால் இதைச் சொல்லிக்கொடுக்க முடியாதா என்றால், முடியும்தான். ஆனால் நூறு மாணவர்களின் அட்டவணைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரின் அனுமானத்தையும் இப்படிக் குடைந்து கேட்க அவருக்கு நேரமும் இல்லை, எந்த வரியில் குடைய வேண்டும் என்று காட்டும் அடிபட்ட அனுபவமும் பெரும்பாலும் இல்லை.

இதே காலத்தில், முன்னாள் தலைமைச் செயல் அதிகாரியை வழிகாட்டியாகப் பெற்ற நண்பர் ஒருவரின் சந்திப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த நிர்வாகி பண்பானவர், பேச்சில் வல்லவர். தலைமைப் பண்பு, தொலைநோக்கு, மனிதர்களை மதித்தல் என்று அவர் சொன்னதில் தவறென்று எதுவுமில்லை; அதேவேளையில் மறுநாள் காலையில் செய்து பார்க்கும்படியாகவும் எதுவுமில்லை. சந்திப்பு நேரத்தின் பெரும்பகுதி அவருடைய வாழ்க்கை வரலாற்றில் கழிந்தது. அந்த வரலாற்றில், எல்லா வரலாறுகளையும் போலவே, எடுத்த முடிவுகள் யாவும் பின்னால் சரியாகவே அமைந்திருந்தன.

இது ஒருவருடைய குணக்குறை என்று நான் நினைக்கவில்லை. பதவியின் தன்மையே அப்படி. உள்ளுணர்வை எப்போது நம்பலாம் என்ற கேள்வியில் எதிரெதிர் நிலைகளில் இருந்த உளவியலாளர்கள் டேனியல் கானமனும் கேரி கிளைனும் 2009இல் சேர்ந்து எழுதிய கட்டுரை ஒன்றில், இரண்டு நிபந்தனைகளில் உடன்பட்டார்கள்: சூழல் ஓரளவாவது ஒழுங்குக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும், அந்த ஒழுங்கைக் கற்றுக்கொள்ள, தன் கணிப்பு சரியா தவறா என்று அறியும் வாய்ப்பு ஒருவருக்குத் திரும்பத் திரும்பக் கிடைத்திருக்க வேண்டும். பாக்கி வசூலிப்பவருக்கு அந்த வாய்ப்பு மாதந்தோறும் கிடைக்கிறது. ஆட்களைத் தேர்வு செய்பவருக்கு, ஒப்பந்தம் பேசுபவருக்கு, உற்பத்தி அட்டவணை போடுபவருக்கும் அப்படியே. ஒரு நிறுவனத்தை வாங்குவது, புதிய சந்தையில் நுழைவது போன்ற முடிவுகளை ஒரு தலைமை அதிகாரி தம் பதவிக் காலம் முழுவதிலும் சில முறைதான் எடுக்கிறார். விளைவு தெரியப் பல ஆண்டுகள் ஆகும். தெரியும்போது அதற்கு அவர் முடிவுதான் காரணமா, சந்தையின் போக்கு காரணமா என்று பிரித்தறியவும் முடியாது. ஆகவே மேலே போகப் போக ஒருவருடைய கதைகள் சுவைகூடுகின்றன, அவற்றிலிருந்து மற்றவர் எடுத்துக்கொள்ளக்கூடிய விதிகள் குறைகின்றன.

இன்னொரு காரணமும் உண்டு. ஆய்வாளர் பமீலா ஹிண்ட்ஸ் 1999இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒரு வேலையைப் புதிதாகக் கற்பவருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கணிக்கச் சொன்னபோது, அதில் கைதேர்ந்தவர்களைவிட நடுத்தர அனுபவம் உள்ளவர்களே உண்மைக்கு அருகில் கணித்தார்கள். தேர்ந்தவருக்குத் தாம் தடுமாறிய காலம் மறந்துபோகிறது. மாணவரின் முதல் வேலை, முதல் மேலாளர், முதல் தவறான மின்னஞ்சல் ஆகியவற்றைப் பற்றிப் பேச, அந்தக் கட்டத்தைக் கடந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளே ஆன ஒருவர் பெரும்பாலும் பொருத்தமானவராக இருப்பார். எங்கள் திட்டத்தில் அப்படிப்பட்டவர்கள் மிகக் குறைவு. மூத்த நிர்வாகி என்ற சொல்லுக்குப் பள்ளி கொடுத்திருக்கும் விளக்கமே அவர்களை வெளியே நிறுத்திவிடுகிறது. இது மாற வேண்டும்.

வகுப்பறையில் கிடைக்காத வேறொன்றும் இங்கே கிடைத்தது. வகுப்பில் அலசும் நிகழ்வாய்வுக் கட்டுரைகளில் (கேஸ் ஸ்டடி) எல்லாத் தகவலும் இருபது பக்கத்துக்குள் தொகுத்துத் தரப்பட்டிருக்கும். கடைசிப் பக்கத்தில் ஒரு முடிவெடுக்கச் சொல்வார்கள். நிறுவனத்தில் அந்த இருபது பக்கத்தை யாரும் எழுதித் தருவதில்லை என்பதையும், முக்கியமான முடிவுகள் கூட்டத்தில் எடுக்கப்படுவதில்லை, கூட்டத்துக்கு முந்தைய வாரத்தில் தனித்தனி அறைகளில் எடுக்கப்பட்டுக் கூட்டத்தில் பதிவு மட்டும் செய்யப்படுகின்றன என்பதையும் மேடம் விளக்கினார். ஒரு செலவுக் கோரிக்கை மேலே போவதற்கு முன்பு யார் யாரிடம் அதைக் காட்டிவைக்க வேண்டும், யாருடைய ஆட்சேபத்தைக் கோரிக்கையின் உள்ளேயே எழுதிவிட வேண்டும் என்று அவர் வரைந்து காட்டிய படத்தை நான் வேலையில் சேர்ந்த பிறகு பயன்படுத்தினேன். இது அரசியல்தானே என்று கேட்டதற்கு, எண்களைத் திரிக்காத வரைக்கும் இது வெறும் முன்தயாரிப்புதான் என்றார். அந்தக் கோட்டை அவர் போட்ட இடத்தில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஆனாலும் கோடு ஒன்று இருக்கிறது என்பதை வெளிப்படையாகப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

அடுத்து, எல்லோருக்கும் மனத்தில் இருந்தும் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி: வேலை கிடைக்குமா? வழிகாட்டியிடம் வேலையோ பரிந்துரையோ கேட்கக் கூடாது என்று திட்டத்தின் விதிமுறை திட்டவட்டமாகச் சொல்கிறது. விதி நியாயமானது. கேட்கலாம் என்று இருந்தால் ஒவ்வொரு சந்திப்பும் நேர்காணலாக மாறிவிடும். மாணவர் தம் குறைகளை மறைப்பார், வழிகாட்டி உண்மையைச் சொல்லத் தயங்குவார். ஆனால் விதி எழுதப்பட்டிருக்கும் விதம், தொடர்புகளைப் பற்றிய பேச்சையே குற்றமாக்கிவிடுகிறது. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் 16.7 விழுக்காட்டினரே அந்த நபரை அடிக்கடி சந்தித்து வந்தவர்கள், 55.6 விழுக்காட்டினர் எப்போதாவது சந்தித்தவர்கள், 27.8 விழுக்காட்டினர் அபூர்வமாகச் சந்தித்தவர்கள். தொழில்முறைத் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிக்கும் மேற்பட்ட பயனாளர்களை வைத்து நடத்தி 2022இல் வெளியான ஆய்வும், ஓரளவு தளர்ந்த தொடர்புகளே வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவுகின்றன என்ற முடிவுக்கு வந்தது. வழிகாட்டி என்பவர் மாணவருக்கு அத்தகைய தொடர்புதான். ஆகவே வேலை கேட்பதைத் தடைசெய்துவிட்டு, ஒரு துறையைப் பற்றி அறிந்துகொள்ள அதில் இருக்கும் ஒருவரோடு அரைமணி நேரம் பேச அறிமுகம் கேட்பதை வெளிப்படையாக அனுமதிப்பதுதான் முறையாக இருக்கும். நடைமுறையில் நல்ல வழிகாட்டிகள் இதைச் செய்யவே செய்கிறார்கள். விதிக்குப் பயந்த மாணவர்கள் மட்டும் கேட்பதில்லை, துணிந்தவர்கள் கேட்டுப் பெற்றுக்கொள்கிறார்கள். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கும் வீட்டில் முதல் பட்டதாரியாக வந்தவர்களுக்கும் இதனால் நேரும் இழப்பைப் பள்ளி எண்ணிப் பார்க்கவில்லை.

குறைகளில் மிகப் பெரியது, வழிகாட்டிகளுக்கு எந்தப் பயிற்சியும் இல்லாதது. மாணவர்களுக்கு அரைநாள் அறிமுக வகுப்பு நடத்தினார்கள். கைகுலுக்குவது, மின்னஞ்சல் எழுதுவது, காலந்தவறாமை என்று அதில் பெரும்பாலும் நன்னடத்தைப் பாடம்தான். நிர்வாகிகளுக்கோ ஒரு வரவேற்பு நிகழ்ச்சியும் கையேட்டுப் பிரதியும் மட்டுமே. பல்லாயிரம் பேரை நிர்வகித்தவருக்கு ஒரு மாணவரிடம் எப்படிக் கேள்வி கேட்பது என்று சொல்லிக்கொடுக்கக் கூச்சப்படுகிறார்கள் போலும். ஆணையிட்டுப் பழகியவர்களுக்கு அறிவுரை இயல்பாக வரும், கேள்வி இயல்பாக வராது. மாணவர் சிக்கலைச் சொல்லத் தொடங்கிய இரண்டாவது நிமிடத்திலேயே தீர்வைச் சொல்லிவிடும் வழிகாட்டிகளைப் பற்றி உடன் படித்த பலரும் குறைப்பட்டுக்கொண்டார்கள். ஒருமணி நேரப் பயிற்சியில் சரிசெய்துவிடக்கூடிய குறை இது.

சந்திப்புகள் ரத்தாவதும் அடிக்கடி நடந்தது. பணியில் இருக்கும் நிர்வாகிகளுக்குக் காலாண்டு முடிவுக் கணக்கு வரும்போது மாணவர் நினைவுக்கு வருவதில்லை. அதில் வியப்பும் இல்லை. ஓய்வு பெற்றவர்களிடம் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அவர்களில் சிலருடைய துறையறிவு, குறிப்பாக ஆள்சேர்ப்பு முறைகளைப் பற்றியது, பழையதாகிவிட்டிருக்கிறது. தன்விவரக் குறிப்பை மென்பொருள் முதலில் வடிகட்டும் காலத்தில், தடித்த தாளில் அச்சிட்டு நேரில் போய்க் கொடுங்கள் என்ற அறிவுரையைப் பெற்ற தோழி ஒருவர் அதைப் பணிவோடு கேட்டுக்கொண்டு வேலைவாய்ப்புப் பிரிவுக்குப் போய்விட்டார். எந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது என்ற தெளிவு மாணவருக்கு இருந்தால் இது பெரிய பாதிப்பில்லை.

பாதிப்பு உள்ள ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. சொந்த ஆலோசனை நிறுவனம் நடத்திய ஒரு வழிகாட்டி, தம் வாடிக்கையாளருக்கான சந்தை ஆய்வு அட்டவணைகளை மாணவரைக் கொண்டு பல வாரங்கள் தயாரிக்க வைத்தார். கற்றல் வாய்ப்பு என்று பெயர். ஊதியம் இல்லை, சான்றிதழும் இல்லை. மாணவர் புகார் சொல்லத் தயங்கினார், ஏனென்றால் புகாரை யாரிடம் சொல்வது என்பதே விதிமுறையில் இல்லை. மாணவரின் தொழில் யோசனை, வழிகாட்டியின் நிறுவன இரகசியம், இருவருக்குமிடையே பணப் பரிமாற்றம் ஆகிய மூன்றைப் பற்றியும் தொடக்கத்திலேயே எழுத்தில் ஒரு பக்க ஒப்பந்தம் இருப்பது கட்டாயமாக வேண்டும். வேலை கேட்காதே என்று மாணவருக்கு விதி இருக்கும் இடத்தில், வேலை வாங்காதே என்று வழிகாட்டிக்கும் விதி இருக்க வேண்டாமா?

ஏற்பாடு செய்யப்பட்ட வழிகாட்டுதல் தானாக அமைந்த வழிகாட்டுதலுக்கு ஈடாகாது என்ற கருத்து ஆய்வாளர்களிடையே நெடுநாளாக உண்டு. பெல் ராகின்சும் ஜான் காட்டனும் 1999இல் வெளியிட்ட ஆய்வு அந்தப் பக்கமே சாய்ந்தது. ஆனால் அதற்கடுத்த ஆண்டு அவர்கள் இன்னொருவரோடு சேர்ந்து செய்த ஆய்வில், உறவு எப்படித் தொடங்கியது என்பதைவிட அதன் தரம் எப்படி இருந்தது என்பதே பணி மனப்பான்மையில் அதிக வேறுபாட்டை உண்டாக்கியது என்றும், திருப்தியற்ற வழிகாட்டுதல் பெற்றவர்களின் நிலை வழிகாட்டியே இல்லாதவர்களின் நிலைக்கு மேலாக இல்லை என்றும் தெரிந்தது. இதை எங்கள் திட்டத்தோடு பொருத்திப் பார்த்தால், எத்தனை மாணவர்களுக்கு வழிகாட்டி கொடுத்தோம் என்று ஆண்டறிக்கையில் போடும் எண்ணுக்குப் பெரிய பொருள் இல்லை. சரிப்படாத இணையை மாதம் இரண்டு ஆனதும் கேள்வி கேட்காமல் மாற்றிக் கொடுக்கும் வசதி இருந்தால் அது அந்த எண்ணைவிட மதிப்புள்ளதாக இருக்கும். இப்போது மாற்றம் கேட்டால் காரணத்தை எழுதித் தர வேண்டும், அந்தக் கடிதத்தின் நகல் வழிகாட்டிக்கும் போகும். யார் எழுதுவார்கள்?

காணொளி வழியாக நடந்த சந்திப்புகள் நேரில் நடந்தவற்றுக்குக் குறைந்தவையாக எனக்குத் தோன்றவில்லை. அட்டவணையை இருவரும் ஒரே திரையில் பார்த்துத் திருத்துவதற்கு அது வசதிதான். முதல் சந்திப்பு மட்டும் நேரில் நடப்பது நல்லது.

திட்டத்தின் முடிவு பற்றியும் ஒரு சொல். வழிகாட்டும் உறவுகளை ஆராய்ந்து கேத்தி கிராம் 1983இல் எழுதிய கட்டுரை, அவற்றுக்குத் தொடக்கம், வளர்ச்சி, பிரிவு, மறுவரையறை என்று நான்கு கட்டங்கள் உண்டு என்று காட்டியது. எங்கள் பள்ளி முதல் இரண்டோடு நின்றுவிடுகிறது. கல்வியாண்டு முடிந்ததும் ஒரு குழுப் புகைப்படம், ஒரு சான்றிதழ். அதன் பிறகு அந்த நிர்வாகிக்கு எழுதலாமா கூடாதா, எழுதினால் எந்த உரிமையில் எழுதுவது என்று மாணவர்கள் திகைத்து நிற்கிறார்கள். நான் வேலையில் சேர்ந்த செய்தியைச் சொல்லி எழுதியபோது மேடத்திடமிருந்து வந்த பதிலில், வாழ்த்துக்குக் கீழே ஒரு கேள்வி இருந்தது: அந்த நிறுவனம் சரக்கு தருபவர்களுக்கு எத்தனை நாளில் பணம் கொடுக்கிறது?

சேர விரும்புகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். பட்டியலில் பதவிப் பெயருக்குக் கீழே இருக்கும் வரிகளைப் படியுங்கள். ஒரே வேலையை நீண்ட காலம் செய்து அதன் விளைவைக் கண்ணால் பார்த்தவர் யாரென்று தேடுங்கள். ஒவ்வொரு சந்திப்புக்கும் ஓர் எழுத்து வேலையைக் கொண்டுபோங்கள்: ஓர் அட்டவணை, ஒரு கடிதம், இரண்டு வேலை வாய்ப்புகளை ஒப்பிட்ட ஒரு பக்கம், எதுவானாலும் சரி. தொழில்துறை எப்படி இருக்கிறது என்பது போன்ற பொதுக் கேள்விகளுக்குப் பொதுப் பதிலே கிடைக்கும். ஏற்கெனவே சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்தவர்களுக்கு இத்திட்டம் மற்றவர்களுக்கு உதவுவதைவிட அதிகமாக உதவும், ஏனென்றால் அவர்களிடம் கேள்விகள் தயாராக இருக்கும். முதல் பருவத்திலேயே சேருவதைவிட, நிதியும் சந்தைப்படுத்தலும் ஒரு சுற்றுப் படித்து முடித்த பிறகு சேருவது நல்லது.

பள்ளியின் இறுதிக் கருத்துப் படிவத்தில், வழிகாட்டியோடு மகிழ்ச்சியாக இருந்தீர்களா என்ற கேள்விக்கு ஐந்து நட்சத்திரங்கள் வரை தரலாம். வழிகாட்டி சொன்னதால் எந்த முடிவை மாற்றினீர்கள் என்ற கேள்வி அதில் இல்லை. படிவத்தின் ஓரத்தில் அதை நானே எழுதி, பதிலையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒருங்கிணைப்பாளர் வாங்கிப் படித்துப் பார்த்து, அடுத்த குழுக் கூட்டத்தில் வைப்பதாகச் சொன்னார்.